தூணின் அடி

எங்கள் ஒழுங்கையில் என்னைவிட வயதில் மூத்த வீடு ஒன்றும் இல்லை. மரங்கள் உண்டு. வளவுக்கு மேற்கே நிற்கிற பாலை அம்மப்பாவின் அப்பாவுக்கும் நிழல் கொடுத்தது என்பார்கள். குளம் உண்டு, அதை நம்பித்தான் இன்றைக்கும் வயல் விளைகிறது. ஆனால் வீடு என்று வந்தால், 2009க்கு முன்னர் நின்ற சுவர் ஒன்றைக்கூட எங்கள் ஒழுங்கையில் காட்டமுடியாது. போர் முடிந்து முல்லைத்தீவு முள்ளியவளைக்கு நாங்கள் திரும்பி வந்தபோது அப்பா முதலில் தேடியது கிணற்றை. அடுத்தது தன் கையால் இழைத்துப் பொருத்திய முன்கதவு நிலையை. கிணறு இருந்தது. நிலை இல்லை.

அப்பா ஓடாவி, மரவேலைக்காரர். பதினாலு வயதில் உளி பிடித்தவர். ஒருநாள் மாலை, தான் கூரை போட்ட வீடுகளைச் சும்மா எண்ணிக்கொண்டு போனார். இன்னார் வீடு, அவருடைய மருமகன் வீடு, சங்கக் கடைக்குப் பின்னால் இருந்த வீடு என்று நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டார். அதில் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. கையில் இருந்த தேநீரை மட்டும் குடிக்காமல் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அதனால்தான் பழைய வீடு என்று யாராவது சொன்னால் நான் நின்று கேட்பேன். 2018 ஆனியில் புதுச்சேரியில், 18ஆம் நூற்றாண்டு வியாபாரியும் நாட்குறிப்பு எழுதியவருமான ஆனந்தரங்கப்பிள்ளையின் வீட்டுக்குப் போனதும் அப்படித்தான்.

சின்னம்மா 1990இல் தலைமன்னாரில் இருந்து வள்ளம் ஏறியவர். அதற்குப் பிறகு அவருடைய வாழ்க்கை முழுவதும் புதுச்சேரிக்கு வடக்கே, கீழ்ப்புத்துப்பட்டு முகாமில்தான். மகளுக்குக் கலியாணம் என்று கூப்பிட்டார், போனேன். கலியாணம் முடிந்த மறுநாள், “தம்பி, கடற்கரை பார்த்திட்டு வா, எல்லாரும் அதைத்தான் பார்க்கினம்” என்றார். கடற்கரை பார்த்தேன். வெள்ளைக்காரத் தெருக்களின் மஞ்சள் சுவர்களையும் கடதாசிப்பூக் கொடிகளையும் பார்த்தேன். அழகுதான். ஆனால் அந்தத் தெருக்களில் வீடு தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. உயர்ந்த மதில், மூடிய படலை, எல்லாம் உள்ளே. வெயிலில் நடக்கிறவனுக்கு ஒதுங்க இடமில்லை.

பெரிய வாய்க்காலைக் கடந்து மேற்கே வந்தால் ஊர் மாறிவிடுகிறது. அங்கே தமிழர் தெருக்கள். தெருவோரத்திலேயே வீட்டின் கூரை இறங்கி வந்து வழிப்போக்கருக்கு நிழல் தருகிறது. அதைத் தாழ்வாரம் என்கிறார்கள். அதற்கு உள்ளே திண்ணை. தாழ்வாரம் தெருவில் போகிற எவருக்கும், திண்ணை தெரிந்தவருக்கு, கதவுக்கு அப்பால் நடை வேண்டியவருக்கு, முற்றம் வீட்டாருக்கு. ஒரு ஆளை எவ்வளவு தூரம் உள்ளே எடுப்பது என்பதை வாயால் சொல்லாமல் வீடே சொல்லிவிடுகிறது. இது எனக்குப் புதிதில்லை. அம்மம்மாவின் மண் வீட்டிலும் இதே ஒழுங்குதான். படலையடியில் நின்று கதைக்கிறவர் ஒருவர், முன் மால் கொட்டிலில் இருந்து வெற்றிலை போடுகிறவர் ஒருவர், குசினி வாசல்வரை வருகிறவர் ஒருவர். அங்கே செங்கல்லும் சுண்ணாம்பும், இங்கே களிமண்ணும் கிடுகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

புதுச்சேரியின் தெருக்கள் கோடு போட்டதுபோல் நேராக ஓடி ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டுகின்றன. அதை பிரெஞ்சுக்காரரின் வேலை என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கட்டம்போட்ட அமைப்பு ஒல்லாந்தர் வரைந்தது. 1693இல் அவர்கள் ஊரைப் பிடித்து 1699வரை வைத்திருந்தபோது போட்ட திட்டம். அதே ஒல்லாந்தர் அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எங்கள் வன்னிப் பகுதியை ஆண்ட சிற்றரசர்களான வன்னியர்களிடம் யானைத் திறை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பெரிய மார்க்கெட்டை ஒட்டிப் போகிற தெருவுக்கு ரங்கப்பிள்ளை வீதி என்றே பெயர். காய்கறிக் கூடைகளும் ஸ்கூட்டர்களும் துணிக்கடைகளும் நெருக்குகிற தெரு. அந்த இரைச்சலுக்கு நடுவே 1730களில் கட்டிய ஒரு வீடு நிற்கிறது என்று சொன்னால் நம்பக் கடினம். இரண்டு முறை தாண்டிப் போய்விட்டேன். கடைசியில் ஒரு பூக்கார அம்மாதான் கையைக் காட்டினார். தனியார் வீடு, அனுமதி கேட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே காட்டியவர், “எந்த ஊருப்பா?” என்றார். முல்லைத்தீவு என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “வாங்க, நிதானமா பாருங்க” என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு நடைக்குள் காலை வைத்ததும் தெருச் சத்தம் சட்டென்று தணிந்தது. தடித்த சுவர். அதைத் தாண்டியதும் வெளிச்சம் மேலிருந்து விழுந்தது. வானத்துக்குத் திறந்த முற்றம், அதைச் சுற்றி மரத்தூண்கள். இழைத்து, கடைந்து, செதுக்கிய கறுத்த தூண்கள். தூணின் தலையில் போதிகை இரண்டு பக்கமும் கை நீட்டி மேலே போகிற உத்தரத்தைத் தாங்குகிறது. பலர் அதைச் சித்திர வேலைக்காக மட்டும் வைப்பது என்று நினைப்பார்கள். அப்பாவிடம் வளர்ந்ததால் எனக்கு அதன் வேலை தெரியும். இரண்டு தூண்களுக்கு நடுவே உத்தரம் எவ்வளவு தூரம் தாங்கலில்லாமல் போகிறதோ அவ்வளவு வளையும். போதிகை இரண்டு பக்கமும் நீளும்போது அந்தத் தூரம் குறைகிறது. பாரமும் ஒரே புள்ளியில் குத்தாமல் பரந்து இறங்குகிறது. முதலில் கணக்கு, பிறகு சித்திரம்.

ஒரு தூணில் கையை வைத்தேன். ஆட்களின் தோள் உயரத்தில் மரம் மினுங்கியது, எண்ணெய் பூசியதுபோல. எண்ணெய் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஆட்கள் சாய்ந்து, பிடித்து, பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஓடி வந்த மினுக்கம். அதற்கு மேலே, கை எட்டாத இடத்தில், மரம் மங்கலாக இருந்தது. அந்த இரண்டு நிறமும் சேருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்கு இப்படி மினுங்குவதற்குக் காலம் கிடைக்கவில்லை.

முற்றத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இதை வெறும் மரபு என்று தள்ளிவிடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஆனி மாதத்துப் புதுச்சேரி வெயிலில், விசிறி இல்லாத இடத்தில் எனக்கு வியர்வை அடங்கியது. அறைகளில் சூடாகிற காற்று மேலே எழும்பி முற்றத்தால் வெளியே போகிறது. அந்த இடத்தை நிரப்ப நடையாலும் தாழ்வாரத்தாலும் நிழலில் ஆறிய காற்று உள்ளே வருகிறது. தடித்த சுவர் பகல் வெயிலை வாங்கி உள்ளே விட நெடுநேரம் எடுக்கும், அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நடுவில் முற்றம் விட்டு நாலு பக்கமும் கட்டிய யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகள் வேலை செய்வதும் இப்படித்தான். வன்னியில் நாற்சார் அரிது. எங்களுக்கு மண் சுவரும் தாழ்ந்த கூரையும் அந்த வேலையைச் செய்தன. இப்போது எங்களிடம் இருக்கிற சீமெந்துக் கல் சுவருக்கு அந்தக் குணம் இல்லை. பங்குனி சித்திரையில் இரவு பத்து மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடும்.

வீட்டைக் கட்டிய ஆளைப் பற்றிச் சொல்லாமல் மாடிக்கு ஏறமுடியாது.

ஆனந்தரங்கப்பிள்ளை 1709இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். அவருடைய மாமா நைனியப்பப்பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பனியின் தலைமைத் தரகர். அவர் அழைத்துத்தான் ரங்கப்பிள்ளையின் அப்பா திருவேங்கடப்பிள்ளை குடும்பத்தோடு அங்கே வந்தார். வந்து கொஞ்சக் காலத்தில் 1716இல் நைனியப்பர் கைதானார். கசையடி, சொத்துப் பறிமுதல். அடுத்த ஆண்டு சிறையிலேயே செத்துப்போனார். வழக்குப் பிழை என்று பின்னர் பிரான்சில் முடிவானது. நைனியப்பரின் மகன் குருவப்பர் கடல் கடந்து பிரான்சுக்கே போய் நியாயம் கேட்டவர். ஆனால் செத்தவர் செத்தவர்தான். மாமாவின் சொத்து பறிபோனபோது ரங்கப்பிள்ளைக்கு ஏழு எட்டு வயது.

இந்த இடம் எனக்கு முக்கியம். ஏழு வயதில் குடும்பத்தின் வீடு வாசல் கைவிட்டுப் போவதைக் கண்ட பிள்ளை, இருபதுகளில் தன் பொருளை எங்கே போடும்? துணியில் போட்டார், பாக்கில் போட்டார், கப்பலில் போட்டார். ‘ஆனந்தப்புரவி’ என்று அவருக்குச் சொந்தமாக ஒரு கப்பல் இருந்தது. அப்புறம் இந்த வீட்டில் போட்டார். கப்பலை ஓட்டிக்கொண்டு தப்பலாம், பொன்னை மடியில் கட்டிக்கொண்டு ஓடலாம். வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடமுடியாது. அதைத் தெரிந்திருந்தும் இவ்வளவு மரத்தையும் இவ்வளவு சுண்ணாம்பையும் இங்கே இறக்கியிருக்கிறார். ஊர் விட்டு ஊர் ஓடியவர்களுக்கு இந்தத் துணிவு எவ்வளவு பெரியது என்று விளங்கும். 2012இல் அத்திவாரம் வெட்டுகிறபோது அப்பா ஒருநாள் முழுக்க மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுச் சும்மா இருந்தார். “திரும்பவும் கட்டத்தான் வேணுமோ?” என்று அம்மாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

ரங்கப்பிள்ளை பிறகு மாமா இருந்த இடத்துக்கே வந்தார். துப்ளே ஆளுநராக இருந்த காலத்தில், 1740களின் பிற்பாதியில், தலைமைத் துபாசி ஆனார். துபாசி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். ஆனால் வேலை மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. நெசவுக்காரர், வியாபாரிகள், நவாபுகளின் ஆட்கள், கும்பனி, எல்லாரும் அவர் வழியாகத்தான் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பல்லக்கில் ஏறி, மேளவாத்தியத்தோடு ஆளுநர் மாளிகைக்குள் போகிற உரிமை அவருக்கு இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்து, கடன் வழக்கு, கப்பல் வந்த செய்தி எல்லாம் அவரிடம் வரும். நாட்குறிப்பைப் படித்தால், பாதி நேரம் அவர் தன் பாக்குக் கிடங்கில் இருந்துகொண்டே இதையெல்லாம் கேட்கிறார்.

மாடி அந்தப் பதவிக்காரரின் மாடி. ஏறி வந்ததும் மரம் முடிந்துவிடுகிறது. இங்கே செங்கல்லால் கட்டி வெள்ளைச் சுண்ணம் பூசிய உருண்டைத் தூண்கள், பிரெஞ்சுக்காரர் வீடுகளில் இருப்பவை போல. கீழே கறுப்பு, மேலே வெள்ளை. கீழே ஆளின் கை படப் படக் கறுத்த மரம், மேலே கை பட்டால் அழுக்காகிவிடுமோ என்று விலகி நடக்க வைக்கிற சுண்ணம். இந்த இரண்டு பாணியையும் ஒரே வீட்டில் வைத்ததைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். பிரெஞ்சு, தமிழ் கலந்த கட்டடக்கலைக்கு முதல் உதாரணங்களில் ஒன்று என்று எழுதுகிறார்கள். சரிதான். எனக்குப் பிடித்தது எது எங்கே இருக்கிறது என்பது. பிரெஞ்சுப் பாணியைத் தெருவைப் பார்க்க வைத்துத் தமிழ் முற்றத்தை மறைத்து வைக்கவில்லை அவர். முற்றத்தை நிலத்தில் ஊன்றிவிட்டு, வந்த புதுமையை அதற்கு மேலே ஏற்றியிருக்கிறார். மேலே ஏற்றியதை இறக்கினாலும் கீழே இருப்பது முழு வீடு.

வெள்ளைச் சுண்ணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அந்த வேலை இப்போது தெரிந்தவர்கள் குறைவு. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீற்றி, மணலோடு குழைத்து, நாள்கணக்கில் புளிக்க விட்டு அரைப்பார்கள். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, காய்ந்துவரும்போது வழுவழுப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள், பளிங்குபோல மினுங்கும்வரை. பழைய மாடிகளின் தளம் இன்னும் பெரிய வேலை. உத்தரத்தின் மேல் நெருக்கமாக மரச்சட்டங்களைப் போட்டு, அதன் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கு நிறுத்திக் கோணலாகச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதற்கு மேல் உடைத்த செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக இருந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். அந்தச் சத்தம் இறுகி மாறும்போது தளம் கட்டிவிட்டது என்று கொத்தனாருக்குத் தெரியும். கம்பியும் இல்லை, சீமெந்தும் இல்லை.

அம்மம்மாவின் வீட்டு நிலத்தையும் அவர் ஒவ்வொரு வெள்ளியும் சாணம் மெழுகுவார். வலது கை வட்டமாகப் போகும், இடது முழங்கால் பின்னால் நகரும், கதவடியில் வந்து முடியும்போது முழு நிலத்திலும் மீன்செதில்போல ஒரு கோலம் விழுந்திருக்கும். அந்த வீடு வருடா வருடம் புதிதாகும். மாரிக்கு முன் கிடுகு மாற்றவேண்டும், சுவரில் மழை கரைத்த இடத்தைப் புற்றுமண் குழைத்து அப்பவேண்டும். மண் வீட்டுக்கு வயது கிடையாது, கவனித்துக்கொள்கிற கை இருக்கும்வரை இருக்கும். அந்தக் கை ஒரு வருடம் இல்லாவிட்டால் வீடு மண்ணுக்குத் திரும்பிவிடும்.

18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி வியாபாரி இப்படிக் கட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் வன்னியில் என்ன இருந்தது என்று சிலர் கேட்பார்கள். கேட்கிற தொனியில், ஒன்றும் இல்லை என்ற பதிலும் சேர்ந்தே இருக்கும். மாடி வீடு இல்லை என்பது உண்மை. பனங்காமம், முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, மேல்பற்று என்று பற்றுகள் இருந்தன, வன்னியர்கள் இருந்தார்கள். அவர்களின் செல்வம் காட்டில் நடந்து திரிந்தது. ஒல்லாந்தருக்கு ஆண்டுதோறும் இத்தனை யானை என்று திறை. கொடுத்த ஆண்டும் உண்டு, கொடுக்காமல் நிலுவை ஏற்றிய ஆண்டுகளும் நிறைய. பிடித்த யானைகளை நடத்திக் கொண்டுபோய் ஆனையிறவுக் களப்பைக் கடத்திக் குடாநாட்டில் சேர்ப்பார்கள். அங்கே சோழமண்டலக் கரையில் இருந்தும் கோல்கொண்டாவில் இருந்தும் வியாபாரிகள் வந்து வாங்கிக் கப்பலில் ஏற்றுவார்கள். அக்கரை அரசர்களின் படைக்கும் பவனிக்கும் போன யானைகளில் எங்கள் காட்டு யானைகளும் இருந்தன.

யானை மட்டுமில்லை. யாழ்ப்பாணத்துப் பனஞ்சலாகைகளும் வளைகளும் கப்பல் கப்பலாகச் சோழமண்டலக் கரைக்குப் போயின, அங்கே வீட்டுக் கூரைகளுக்கு. இலங்கைக் கொட்டைப்பாக்கும் போனது. ரங்கப்பிள்ளையின் முற்றத்தில் நின்றபோது எனக்கு இது ஓடிக்கொண்டே இருந்தது. அந்தத் தூண்கள் எங்கள் மரம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கரையின் செழிப்பு இந்தக் கரையைத் தொடாமல் நடக்கவில்லை. நடுவில் கிடக்கிற கடல் அந்த நாளில் தெருவைப்போல. வள்ளத்தில் இரவோடிரவாகத் தப்பிப் போகிற கடலாக அது எங்கள் காலத்தில்தான் ஆனது.

1782இல் ஒல்லாந்தர் வன்னியை நேரடியாகவே பிடித்துக்கொண்டார்கள். 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்து எடுத்தார், அப்போது எதிரே நின்றவர்கள் ஆங்கிலேயர். அந்த ஐப்பசியிலேயே கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டார். அங்கே நாட்டிய நினைவுக்கல்லில் 1803 ஒக்டோபர் 31 என்று தேதி இருக்கிறது. வன்னியனின் மாளிகை என்று காட்ட ஒரு தூண்கூட எங்களுக்கு மிஞ்சவில்லை. மன்னார்ப் பக்கம் அரிப்பில் கடற்கரை மேட்டில் ஒரு பெரிய வீட்டின் இடிபாடு நிற்கிறது. அது முத்துக்குளிப்பைப் பார்ப்பதற்காக ஆங்கில ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1801 தொடங்கிக் கட்டிய மாளிகை. வியாபாரியின் வீடும் இல்லை, எங்கள் ஆளின் வீடும் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட அந்தச் சுவர்களைக் கடல் அடியில் இருந்து அரித்து அரித்து விழுத்திக்கொண்டிருக்கிறது. சின்ன வயதில் அதை “ராணி மாளிகை” என்று சொல்லித்தான் எனக்குக் காட்டினார்கள்.

புதுச்சேரியும் அழிந்த ஊர்தான். இதை அங்கே போகிற பலர் நினைப்பதில்லை. 1761 ஜனவரியில், மாதக்கணக்கான முற்றுகைக்குப் பிறகு, பட்டினியில் ஊர் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அதே மாதத்தில், ஊர் விழுவதற்குச் சற்று முன்தான், ரங்கப்பிள்ளை கண்ணை மூடினார். பதவி 1756இலேயே போய்விட்டது. உடம்பும் விழுந்துவிட்டது. கடைசிவரை நாட்குறிப்பு எழுதினார், எழுதமுடியாத நாட்களில் சொல்லி எழுதுவித்தார். பிறகு ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் பகுதி வீடுகளையும் அடியோடு இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நான் பார்த்த மஞ்சள் சுவர்த் தெருக்கள் எல்லாம், 1765இல் ஊர் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பிய பிறகு பழைய கோட்டின் மேல் திரும்பக் கட்டியவை. அந்த இடிப்புக்கு முன்னர் கட்டி இன்றுவரை நிற்கிற சில வீடுகளில் ஒன்றுதான் இந்த வியாபாரியின் வீடு.

1736 செப்டெம்பரில் தொடங்கி ஏறத்தாழ கால் நூற்றாண்டு எழுதிய குறிப்புகள். ஆண்டு, மாதம், கிழமை என்று தமிழ் முறையில் நாளைக் குறித்துவிட்டு, அன்று எந்தக் கப்பல் வந்தது, யார் யாருக்கு என்ன மரியாதை செய்தார்கள், சந்தையில் என்ன பேச்சு என்று எழுதிக்கொண்டே போகிறார். அந்தத் தாள்களும் வீட்டோடு சேர்ந்து தப்பின. 1846இல்தான் கலுவா மொம்பிரான் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டுபிடித்து வெளியே கொண்டுவந்தார். எண்பத்தைந்து வருடம் பேசாமல் கிடந்திருக்கின்றன. வீடு விழுந்திருந்தால் அந்தத் தாளும் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அம்மப்பாவின் காணி உறுதிகள், அவர் கைப்பட எழுதிய வயல் கணக்குக் கொப்பிகள், யார் யாருக்கு எத்தனை மூட்டை நெல் கடன் என்ற விவரங்கள். கூரை போனபோது அதுவும் போனது. அதை யாரும் இனிக் கண்டெடுக்கப்போவதில்லை.

அன்றிரவு முகாமில் இருந்து அப்பாவுக்கு அழைத்தேன். கலியாணச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு, “வீடு ஒண்டு பாத்தனெண்டியே, சொல்லு பாப்பம்” என்றார். சொன்னேன். கீழே மரத்தூண், மேலே கல்லுத்தூண் என்றதும் இடைமறித்தார்.

“மேல் தூண் கீழ்த் தூணுக்கு நேர நிக்குதோ?”

ஏன் என்று கேட்டேன்.

“நேர நிண்டால் பாரம் நேர நிலத்துக்கு இறங்கும். மரம் நெடுக்கில எவ்வளவையும் தாங்குமடா. குறுக்கிலதான் வளையும். சரி, அதை விடு. தூணின்ர அடி எப்பிடி?”

கல்லின் மேல் நிற்கிறது என்றேன்.

“அதுதான்,” என்றார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. “மரம் மேலயிருந்து பழுதாகாது. அடியாலதான் போகும். ஈரம் ஏறும், பிறகு கறையான் ஏறும். மண்ணில நடாமல் கல்லில நிறுத்தினவன் வேலை தெரிஞ்சவன். கூரை மழையைக் காக்கும், கல்லு ஈரத்தைக் காக்கும், நடுவில மரம் பாட்டுக்கு நிக்கும்.”

நான் ஊர் திரும்பி இரண்டு மாதம் இருக்கும். எங்களுடையது வீட்டுத் திட்டத்தில் கட்டிய 550 சதுர அடி வீடு. இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி. முன்னால் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். யாராவது வந்தால் ஒன்றில் வெயிலில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் நேரே வீட்டின் நடுவுக்கு வரவேண்டும். இரண்டுக்கும் இடையில் ஒன்றும் இல்லை. அது அப்பாவுக்கு வந்த நாள் தொட்டே பொறுக்கவில்லை. ஒரு விறாந்தை இறக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பின் வளவில் விழுந்த பனையை அறுத்து வைரம் பார்த்து நாலு தூண் எடுத்து, நிழலில் ஒரு வருடமாகக் காய வைத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை காலை நான் எழும்பும்போது அவர் பழைய வீட்டு அத்திவாரத்தடியில் கிண்டிக்கொண்டிருந்தார். அம்மம்மாவின் உரல் அங்கே கிடந்தது. எல்லாம் போன வளவில் மிஞ்சிய இரண்டு சாமான் அதுவும் அம்மியும்தான். ஒருவரும் தூக்கிக்கொண்டு போக முடியாத பாரம். விளிம்பில் ஒரு துண்டு உடைந்திருந்தது. இரண்டு பேருமாக உருட்டிக்கொண்டு வந்தோம். அப்பா அதைக் கவிழ்த்து, வீட்டு முகப்பின் வலது மூலையில் பாதி புதைத்து, மட்டப்பலகை வைத்துப் பார்த்தார். மற்ற மூன்று தூணுக்கும் ஒட்டுசுட்டான் பக்கம் இருந்து எடுத்த கருங்கல். இதற்கு மட்டும் உரல்.

“பிடி,” என்றார். தூணை நிமிர்த்திப் பிடித்தேன். அவர் எட்ட நின்று ஒற்றைக் கண்ணை மூடி நூல்குண்டு பார்த்தார். கொஞ்சம் இடக்கைப் பக்கம் தள்ளச் சொன்னார். பிறகு கிட்ட வந்து குனிந்து, தூணும் கல்லும் சேருகிற இடத்தில் நகத்தை விட்டுப் பார்த்தார். நகம் போகவில்லை.

இப்போது அந்த விறாந்தைக்கு ஏழாவது மாரி. தபால்காரர் வந்தால் அதில் இருந்துதான் தண்ணீர் குடிக்கிறார். பக்கத்து வளவுப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து அந்த மூலைத் தூணைப் பிடித்துச் சுற்றுகின்றன. அவர்களின் தோள் உயரத்தில், பனை வைரத்தின் கறுப்பில், ஒரு சாண் அகலத்துக்கு மரம் மினுங்கத் தொடங்கியிருக்கிறது.